பார்வைக்கு வந்தவர் என்ன எழுதினார்?

(ஆசிரியர்களுக்கான கேள்வி–பதில் பகுதி. பதில் சொல்பவர் இடைநிலை ஆசிரியராகப் பணியில் சேர்ந்து, வட்டாரக் கல்வி அலுவலராக ஓய்வுபெற்றவர்.)

ஜூன், ஜூலையில் எனக்கு வரும் கடிதங்கள் எல்லாம் இடமாறுதல் கலந்தாய்வைப் பற்றியவை. ஆகஸ்ட் பிறந்துவிட்டால் ‘விசிட்’ பற்றி, அதாவது அலுவலர்கள் வந்து வகுப்பைப் பார்வையிடுவது பற்றி. இந்த இதழுக்கு அந்த விசிட் கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். எழுதியவர்கள் யாரும் பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்கள். புரிகிறது.

எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. 1, 2, 3 வகுப்புகள் என்னிடம். போன வாரம் ஒரு அலுவலர் வந்து பின்னால் உட்கார்ந்து போனைத் தட்டிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து இரண்டு பிள்ளைகளை வாசிக்கச் சொன்னார். “இன்னும் இம்ப்ரூவ் பண்ணணும் டீச்சர்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் என்ன தப்பு செய்தேன் என்றே தெரியவில்லை, அம்மா.
— இடைநிலை ஆசிரியை, விருதுநகர் மாவட்டம்

முதலில் அந்த போனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவர் வாட்ஸ்அப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைக்காதீர்கள் (பார்த்தும் இருக்கலாம், அது வேறு கதை). வகுப்பறை உற்றுநோக்கல் படிவம் இப்போது துறையின் செயலியில் இருக்கிறது. நாங்கள் நோட்டில் கிறுக்கியதை அவர்கள் திரையில் தொட்டுத் தொட்டு நிரப்புகிறார்கள். ஆசிரியர் கையேட்டின்படி பாடம் போகிறதா, பிள்ளைகள் அவரவர் நிலைக்கு ஏற்ற வேலையில் இருக்கிறார்களா, துணைக்கருவி பிள்ளைகள் கைக்குப் போகிறதா அல்லது பீரோவில் இருக்கிறதா, பயிற்சிப் புத்தகம் திருத்தப்பட்டிருக்கிறதா, இந்த மாதிரியான கேள்விகள்தான். பிறகு இரண்டு மூன்று பிள்ளைகளிடம் வாசிப்பும் கணக்கும் கேட்டுப் பார்ப்பது. உங்கள் புடவையையும் கையெழுத்தையும் யாரும் மதிப்பிடவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருவோம். ஒரு வகுப்பைப் பார்த்துவிட்டு மூன்று விதமாக எழுதலாம். “சன்னல் ஓரம் இருந்த ஆறு பிள்ளைகளிடம் ஒரு கேள்வியும் போகவில்லை.” இது கண்ணால் பார்த்தது. “பிள்ளைகளின் பங்கேற்பு குறைவு.” இது பார்த்ததிலிருந்து அவர் ஊகித்தது. “இன்னும் முன்னேற வேண்டும்.” இது தீர்ப்பு. முதல் வாக்கியம் கிடைத்தால் நாளைக் காலையே நீங்கள் ஏதாவது செய்யலாம், அந்த ஆறு பேரை இடம் மாற்றி உட்கார வைக்கலாம். மூன்றாவது வாக்கியத்தை வைத்துக்கொண்டு ராத்திரி விழித்துக் கிடக்கத்தான் முடியும். உங்களுக்குக் கிடைத்தது அதுதான்.

அதனால் அடுத்த குறுவள மையக் கூட்டத்தில் (பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடுவது) அவரைப் பார்த்தால் நேராகக் கேளுங்கள்: “சார், எந்த இடத்துல இம்ப்ரூவ் பண்ணணும்னு நெனச்சீங்க? என்ன பார்த்தீங்க?” சண்டை போடும் குரலில் வேண்டாம், தெரிந்துகொள்ளும் குரலில். நல்ல அலுவலர் என்றால் பதில் சொல்வார். பதில் இல்லை என்றால் அந்த வார்த்தையை அவர் எல்லாப் பள்ளியிலும் சொல்லிவிட்டு வருகிறார் என்று புரிந்துகொண்டு வேலையைப் பாருங்கள்.

இன்னொன்று. மூன்று வகுப்பை ஒரே அறையில் வைத்துக்கொண்டிருப்பவர் வாய் மூடி இருக்கக் கூடாது. தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் உறுதிசெய்யும் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 ஜூனில் தொடங்கியபோதே பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பார்க்கச் சொன்னார்கள். அதாவது வகுப்பு வேறு, நிலை வேறு. வெளியிலிருந்து வந்து உட்காருகிறவருக்கு எந்தப் பிள்ளை எந்த நிலை என்று முகத்தைப் பார்த்தால் தெரியாது. அவர் உட்கார்ந்ததும் அரை நிமிடம் எடுத்துச் சொல்லிவிடுங்கள்: “சார், இப்ப இந்த மொட்டுப் பிள்ளைகளோட நான் இருக்கேன். அந்தப் பக்கம் இருக்கிறவங்க தனியா பயிற்சிப் புத்தகம் செய்றாங்க. இன்னைக்கு நாலு பேர் லீவு.” இதைச் சொல்லாவிட்டால், தனியாக வேலை செய்யும் பிள்ளைகளைப் பார்த்து “கவனிப்பாரற்று இருந்தார்கள்” என்று ஒருவர் எழுதிவிட்டுப் போக வாய்ப்பு உண்டு. இப்படி எழுதிய குறிப்புகள் என் மேசைக்கே வந்திருக்கின்றன. யார் எந்த நிலை என்று விசாரித்த பிறகு அந்தக் குறிப்புகளை நீக்க வேண்டியிருந்தது.

அப்புறம், பிள்ளைகளை வாசிக்கச் சொன்னாரே, அவர்கள் வாசித்தார்களா? அதை நீங்கள் எழுதவே இல்லை. உங்கள் கடிதம் முழுக்க நீங்கள்தான் இருக்கிறீர்கள். அந்த இரண்டு பிள்ளைகள் எங்கே தடுக்கினார்கள் என்று யோசித்துப் பாருங்கள், அலுவலர் சொல்லாமல் விட்டது அங்கேயே இருக்கலாம்.

நாளை பார்வை என்று முதல் நாள் இரவே தகவல் வந்துவிடுகிறது. முன்பே நடத்தி முடித்த பாடத்தை எடுத்து, தெரிந்த பிள்ளைகளை முன்னால் உட்கார வைத்து அருமையாக நடத்திவிடுகிறோம். எல்லாரும் செய்வதுதானே?
— பட்டதாரி ஆசிரியர், திண்டுக்கல் மாவட்டம்

எல்லாரும் செய்வதுதான். பார்வைக்கு வருகிறவரும் ஒரு காலத்தில் அதைச் செய்தவர்தான், அதனால் கண்டுபிடிக்க அவருக்கு இரண்டு நிமிடம் போதும். கேள்வி முடிவதற்குள் பத்துக் கை மேலே போகும். ஒரு பிள்ளைகூடத் தப்பான பதில் சொல்லாது. தப்பே வராத வகுப்பு உலகத்தில் கிடையாது. போதாக்குறைக்கு, “டீச்சர், இது அன்னைக்கே படிச்சோமே!” என்று மூன்றாவது வரிசையில் ஒருவன் கட்டாயம் சொல்வான்.

எனக்கு இதில் இருக்கும் வருத்தம் வேறு. கடினமான பாடம் ஒன்று உங்களைப் படுத்திக்கொண்டிருக்கும், பின்னம் என்றோ செயப்பாட்டுவினை என்றோ. அதை இன்னொரு ஜோடிக் கண் பார்த்துச் சொல்லக் கிடைக்கும் ஒரே சந்தர்ப்பத்தில் நீங்கள் நன்றாக வரும் பாடத்தை நடத்திக் காட்டிவிடுகிறீர்கள். அன்றைக்கு எந்தப் பாடம் வருகிறதோ அதை எடுங்கள்.

எனக்கு 19 வருட சர்வீஸ். பார்வைக்கு வரும் ஆசிரியப் பயிற்றுநருக்கு என் அனுபவத்தில் பாதிகூட இல்லை. தொடக்கப் பள்ளியில் ஒருநாள்கூடப் பாடம் எடுக்காதவர். அவர் எனக்கு மதிப்பெண் போடுவதா?
— தலைமை ஆசிரியை, தஞ்சாவூர் மாவட்டம்

மதிப்பெண் போடுவது பற்றி உங்களுக்கு இருக்கும் எரிச்சலில் பாதி நியாயம். ஒன்றாம் வகுப்பில் அழுகிற பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இன்னொரு பிள்ளைக்கு ‘ட’ எழுதக் கற்றுக்கொடுத்த அனுபவம் இல்லாதவர், அந்த வகுப்பின் சத்தத்தை ஒழுங்கின்மை என்று எழுதிவிடக் கூடும். அதை அவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியது உங்கள் வேலை. கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தால் அவர் அடுத்த பள்ளியிலும் அதையே எழுதுவார்.

மற்றப் பாதி இது. எண்ணிக்கை எடுக்க அனுபவம் தேவையில்லை. எத்தனை பிள்ளை பேசியது, கேள்வி யாருக்குப் போனது, கரும்பலகையைப் பார்த்து எழுதுவதற்கு எவ்வளவு நேரம் போனது என்பதை எல்லாம் நேற்று வேலைக்குச் சேர்ந்தவரும் சரியாகக் குறிக்கலாம். அனுபவம் கூடக் கூட நமக்குப் பழகிப்போன விஷயங்கள் கண்ணில் படுவதில்லை, அவருக்குப் படும். அவர் தரும் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு என்ன பொருள் என்று முடிவு செய்வதில் உங்கள் 19 வருடத்தைக் காட்டுங்கள்.

நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர் நான். மற்ற ஆசிரியர்களின் வகுப்பை நான் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். எல்லாருக்கும் “நன்று, மேலும் சிறக்க வாழ்த்துகள்” என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். சக ஆசிரியரை எப்படிக் குறை சொல்வது? உண்மையில் எதைப் பார்ப்பது என்றும் எனக்குத் தெரியவில்லை.
— சிவகங்கை மாவட்டம்

இந்தக் கேள்விக்குத்தான் இந்த மாதம் அதிக இடம். ஏனென்றால் வட்டார அலுவலர் வருடத்தில் எப்போதோ வருவார். நீங்கள் பக்கத்து அறையில் இருக்கிறீர்கள்.

“நன்று” பதிவேடுகள் எனக்கு நன்றாகத் தெரியும். ஆண்டாய்வின்போது எடுத்துப் பார்த்தால் ஜூன் முதல் மார்ச் வரை ஒரே பேனா, ஒரே நாளில் உட்கார்ந்து எழுதியது. அதைக் குற்றமாக நான் எடுத்ததில்லை. எதைப் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

முதலில் எங்கே உட்காருவது என்பதிலிருந்து தொடங்குங்கள். நம் ஊரில் பார்வைக்கு வருகிற எல்லாரும் நேராகக் கடைசி பெஞ்சுக்குப் போவார்கள். அங்கிருந்து பார்த்தால் ஆசிரியர் முகமும் பிள்ளைகள் முதுகும்தான் தெரியும். நீங்கள் முன்பக்கம், கரும்பலகைக்குப் பக்கவாட்டில், சுவரோரம் உட்காருங்கள். பிள்ளைகள் முகம் தெரிய வேண்டும். யாருக்குப் புரிகிறது, யார் பக்கத்தில் இருப்பவன் நோட்டைப் பார்க்கிறான், யார் ஆசிரியர் திரும்பும்போது மட்டும் தலையாட்டுகிறான் எல்லாம் அங்கிருந்துதான் தெரியும்.

முந்தைய நாளே அந்த ஆசிரியரிடம் கேட்டுவிடுங்கள்: “நாளைக்கு நான் எதைப் பார்க்கட்டும்?” அவர் ஏதாவது ஒன்றைச் சொல்வார். “பசங்க கேள்விக்குப் பதிலே சொல்றதில்ல சார், அதைப் பாருங்க.” அவ்வளவுதான், அதை மட்டும் பாருங்கள். பாடக்குறிப்பு, துணைக்கருவி, சுத்தம், சுவரில் சார்ட் என்று ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்கப் போனால் கடைசியில் “நன்று” என்றுதான் எழுத வேண்டி வரும்.

பிஎட் படித்தபோது பிளாண்டர்ஸ் என்று ஒரு பெயரை மனப்பாடம் செய்திருப்பீர்கள். நெட் பிளாண்டர்ஸ் என்ற அமெரிக்கர். வகுப்பில் நடக்கும் பேச்சைப் பத்து வகையாகப் பிரித்தார். ஏழு வகை ஆசிரியர் பேச்சு, இரண்டு வகை பிள்ளைகள் பேச்சு, கடைசி ஒன்று மௌனம் அல்லது குழப்பம். மூன்று வினாடிக்கு ஒருமுறை எந்த வகை என்று எண்ணைக் குறிக்க வேண்டும். தேர்வில் பத்து மதிப்பெண் கேள்வியாக எழுதிவிட்டு மறந்திருப்போம். அவர் கண்டது சுவையானது: வகுப்பு நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு யாராவது பேசிக்கொண்டிருக்கிறார்கள், அந்தப் பேச்சில் மூன்றில் இரண்டு பங்கு ஆசிரியருடையது.

மூன்று வினாடிக்கு ஒரு எண் என்றால் நமக்குக் கை வலித்துவிடும். அரை நிமிடத்துக்கு ஒரு கோடு போதும். ஒரு தாளில் ‘ஆசிரியர்’, ‘பிள்ளை’, ‘எழுதுகிறார்கள்’, ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்று நான்கு கட்டம் போடுங்கள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து அரை நிமிடத்துக்கு ஒருமுறை பொருத்தமான கட்டத்தில் ஒரு கோடு. இருபது நிமிடத்தில் நாற்பது கோடு. அதில் முப்பத்தைந்து ‘ஆசிரியர்’ கட்டத்தில் இருந்தால் நீங்கள் வாய் திறந்து எதுவும் சொல்லவே வேண்டாம். தாளை அவர் பக்கம் தள்ளிவிடுங்கள்.

பதில் வராத வகுப்பு என்றால் இன்னொரு கணக்கு. மேரி பட் ரோ என்ற அமெரிக்க அறிவியல் கல்வியாளர் 1970களில் ஒரு சின்ன விஷயத்தை அளந்தார். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்? சராசரியாக ஒரு வினாடி! அதற்குள் வேறு பிள்ளையைக் கேட்டுவிடுகிறார், அல்லது தானே பதிலைச் சொல்லிவிடுகிறார். அதையே மூன்று வினாடி ஆக்கியபோது பிள்ளைகளின் பதில் நீண்டது, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசின. மனதுக்குள் “ஒன்று, இரண்டு, மூன்று” என்று எண்ணிப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். செலவில்லாத சோதனை.

உட்காருமிட வரைபடமும் உதவும். வரிசை வரிசையாகக் கட்டம் போட்டு, கேள்வி போன கட்டத்தில் எல்லாம் ஒரு புள்ளி வையுங்கள். பாடம் முடியும்போது புள்ளி எல்லாம் நடுவரிசையில் முன்பக்கம் குவிந்திருக்கும். எந்தப் பள்ளியிலும் அப்படித்தான். பெண் பிள்ளைகள் பக்கம் எத்தனை, ஆண் பிள்ளைகள் பக்கம் எத்தனை என்றும் எண்ணிப் பாருங்கள்.

பிறகு நோட்டு. முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளையின் நோட்டை எடுக்காதீர்கள், அதைத்தான் ஆசிரியர் உங்கள் கையில் கொடுப்பார். நடுத்தரமான பிள்ளை ஒன்றின் நோட்டைப் பத்துப் பக்கம் பின்னால் புரட்டுங்கள். கரும்பலகையைப் பார்த்து எழுதியது எவ்வளவு, தானாக எழுதியது எவ்வளவு? தப்பு திருத்தப்பட்டிருக்கிறதா, அல்லது தப்புக்கு மேலேயே சிவப்பு டிக் விழுந்திருக்கிறதா? சுவரில் தொங்கும் சார்ட்டைவிட இந்த நோட்டு நிறையச் சொல்லும். சார்ட்டைப் பற்றி எனக்குத் தனிப்பட்ட குறை ஒன்று உண்டு: அலுவலர் கண் மட்டத்தில் மாட்டுகிறார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை அதை அண்ணாந்துதான் பார்க்க முடியும்.

உங்களுக்குத் தெரியாத பாடமாக இருந்தால் வெட்கப்பட வேண்டாம். நீங்கள் தமிழ், அவர் அறிவியல் என்றால் ஒரு பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து பாடத்தைக் கேளுங்கள். எந்த இடத்தில் உங்களுக்குப் பிடி விட்டதோ அந்த இடத்தைக் குறித்து வையுங்கள், அங்கே பிள்ளைகளில் பலருக்கும் விட்டிருக்கும்.

குறை சொல்வது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். பிள்ளைகள் முன்னால் ஒரு வார்த்தையும் வேண்டாம். ஆசிரியர் தப்பாக எழுதினாலும் எழுந்துபோய்த் திருத்தாதீர்கள், சீட்டு எழுதிக் கையில் கொடுக்கலாம். அன்று மாலைக்குள் பேசிவிடுங்கள், ஒரு வாரம் கழித்துப் பேசினால் உங்களுக்கும் மறந்துவிடும், அவருக்கும். முதலில் அவரைப் பேசவிடுங்கள்: “எப்படிப் போச்சு?” பாதி ஆசிரியர்கள் நாம் சொல்ல நினைத்ததைவிடக் கடுமையாகத் தங்களைத் தாங்களே சொல்லிக்கொள்வார்கள். அப்புறம் கோடு போட்ட தாளைக் காட்டுங்கள். ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு வாரம் கழித்து அந்த ஒன்றைப் பார்க்க மட்டும் மறுபடி போங்கள். பதிவேட்டில் “நன்று” என்பதற்குப் பதிலாக அந்த நாற்பது கோட்டின் கணக்கை எழுதுங்கள்.

இன்னும் ஒன்று. உங்கள் வகுப்புக்கு அவர்களைக் கூப்பிடுங்கள். நீங்கள்தான் முதலில்.

தனியார் மெட்ரிக் பள்ளியில் வேலை செய்கிறேன். வருடம் ஒருமுறை ‘அப்ரைசல்’. ஒருங்கிணைப்பாளர் ஒரே ஒரு பீரியட் வந்து பார்த்து ஐந்துக்கு இத்தனை என்று போடுகிறார். பெற்றோர் கருத்துக்கு ஒரு மதிப்பெண். வகுப்பில் கேமராவும் உண்டு. இதையெல்லாம் கூட்டித்தான் சம்பள உயர்வு. இது சரியா?
— கோயம்புத்தூர்

ஒரே பீரியட் என்பது சரியில்லை. நானாகச் சொல்லவில்லை. கேட்ஸ் அறக்கட்டளை 2009இல் தொடங்கி அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வை நடத்தியது. சுமார் 3,000 ஆசிரியர்களின் வகுப்புகளைப் படம் பிடித்து, பயிற்சி பெற்றவர்களை வைத்து மதிப்பெண் போடச் சொன்னார்கள். ஒருவர் ஒரு பாடத்தைப் பார்த்துப் போட்ட மதிப்பெண்ணை நம்ப முடியாது என்பதும், பல பாடங்களை ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் பார்த்தால்தான் எண் ஓரளவு நிலைக்கிறது என்பதும் அதில் தெரிந்தது. பயிற்சி கொடுத்தவர்களுக்கே அந்த நிலை. இங்கிலாந்தில் ஆஃப்ஸ்டெட் என்ற ஆய்வு அமைப்பு உண்டு, பெயரைக் கேட்டாலே அங்கே ஆசிரியர்கள் நடுங்குவார்கள். அவர்களே தனிப்பட்ட பாடங்களுக்குத் தரம் போடுவதை 2014இல் நிறுத்திவிட்டார்கள்.

ஆனால் இந்த வாதத்தைக் கொண்டுபோய் உங்கள் தாளாளரிடம் வைக்கச் சொல்லவில்லை. தனியார் பள்ளி வேலையின் பிடிமானம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். செய்யக்கூடியது இது: வருடத் தொடக்கத்திலேயே அந்தப் படிவத்தைக் கேட்டு வாங்கிவிடுங்கள். எதற்கு மூன்று, எதற்கு ஐந்து என்று அதில் விளக்கம் இருக்கிறதா பாருங்கள். சார்லட் டேனியல்சன் 1996இல் வெளியிட்ட சட்டகம் ஒன்று பல நாடுகளில் புழங்குகிறது. திட்டமிடல், வகுப்பறைச் சூழல், கற்பித்தல், மற்றத் தொழில்முறைப் பொறுப்புகள் என்று நான்கு பிரிவு, ஒவ்வொரு நிலைக்கும் வகுப்பு எப்படி இருக்கும் என்று விளக்கி எழுதியிருக்கும். தனியார் பள்ளிகளின் படிவங்கள் சில அதன் சாயலில்தான் இருக்கின்றன, ஆனால் தலைப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு விளக்கத்தை விட்டுவிடுகிறார்கள். விளக்கமில்லாத எண் பார்ப்பவரின் மனநிலையைத்தான் காட்டும்.

“இன்னொரு முறை வந்து வேறு வகுப்பையும் பாருங்கள் மேடம்” என்று நீங்களாகவே கூப்பிடலாம். அதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. கேமரா பாதுகாப்புக்கு உதவும். அதை வைத்துக் கற்பித்தலை மதிப்பிடுவது வீண், மேலே இருந்து பார்த்தால் எல்லா வகுப்பும் தலைகள்தான்.

பெற்றோர் மதிப்பெண்? வீட்டுப்பாடம் குறைத்தவருக்கு ஒரு வீட்டில் ஐந்து, அடுத்த வீட்டில் ஒன்று. போகட்டும்.

எதற்கு இத்தனை சுற்று? பிள்ளைகள் வாங்கும் மதிப்பெண்ணை வைத்து ஆசிரியரை அளந்துவிட வேண்டியதுதானே? நான் தொடர்ந்து 100 சதவீதத் தேர்ச்சி காட்டுகிறேன்.
— முதுகலை ஆசிரியர், ஈரோடு மாவட்டம்

வாழ்த்துகள், ஐயா. உண்மையாகவே சொல்கிறேன். ஆனால் இதை ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டார்கள். 1862இல் இங்கிலாந்தில் ராபர்ட் லோ என்ற அரசியல்வாதி கொண்டுவந்த விதிப்படி, ஒரு பிள்ளைக்குப் பள்ளிக்குக் கிடைக்கும் மானியம் 12 ஷில்லிங் வரை. அதில் 4 ஷில்லிங் வருகைக்கு, 8 ஷில்லிங் தேர்வுக்கு. வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றில் ஒவ்வொன்றில் தோற்றாலும் 2 ஷில்லிங் 8 பென்ஸ் போய்விடும். ஆய்வாளர் வந்து பிள்ளை பிள்ளையாகச் சோதிப்பார். விளைவு? பிள்ளைகள் பாடப்புத்தகத்தை மனப்பாடமாக ஒப்பித்தார்கள், தேர்வில் இல்லாத பாடங்கள் பின்னுக்குப் போயின. மேத்யூ அர்னால்ட் என்ற கவிஞர் அப்போது பள்ளி ஆய்வாளராக இருந்தவர், இந்த முறையைக் கடுமையாக எதிர்த்தார். நம் மதராஸ் மாகாணத்திலும் ‘ரிசல்ட் கிராண்ட்’ என்று அதே முறை வந்து, இருந்து, போனது.

அமெரிக்காவில் இதையே கொஞ்சம் நாசூக்காகப் புள்ளியியல் வைத்துச் செய்தார்கள். பிள்ளையின் போன வருட மதிப்பெண்ணைக் கழித்துவிட்டு, இந்த வருடம் ஆசிரியர் சேர்த்தது எவ்வளவு என்று கணக்கிடுவது. 2010இல் லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் நாளிதழ் சுமார் 6,000 ஆசிரியர்களின் இந்தக் கணக்கைப் பெயரோடு வெளியிட்டு ஊரையே இரண்டாக்கியது. 2014இல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் ஓர் அறிக்கை விட்டது. பிள்ளைகளின் மதிப்பெண்ணில் காணும் ஏற்றத்தாழ்வில் ஆசிரியரால் வருவது 1 முதல் 14 சதவீதம்தான் என்று பெரும்பாலான ஆய்வுகள் காட்டுவதாக அதில் சொன்னார்கள்.

இதைக் கேட்டுவிட்டு “அப்படியானால் ஆசிரியரால் ஒன்றுமில்லை” என்று யாரும் கிளம்ப வேண்டாம். நம் கையில் இருப்பது அந்தப் பங்குதான், அதைச் சரியாகச் செய்ய வேண்டும். ஆனால் தை மாதம் பிறந்ததும் குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போய்விடும் பிள்ளையின் மதிப்பெண்ணை அந்த ஆசிரியர் தலையில் எழுதக் கூடாது. நகரத்தில் டியூஷன் வைத்திருக்கும் பிள்ளையின் மதிப்பெண்ணை எடுத்து இன்னொரு ஆசிரியர் மார்பில் பதக்கமாகக் குத்தவும் கூடாது.

உங்களிடம் ஒரு கேள்வி. அந்த 100 சதவீதத்தில், ஒன்பதாம் வகுப்போடு நின்றுபோனவர்கள் கணக்கில் இருக்கிறார்களா?

பார்வைப் பதிவேட்டில் உண்மைக்கு மாறாக எழுதிவிட்டு, கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டுவிட்டேன். இதனால் 17(அ) வருமா? இன்கிரிமென்ட் போய்விடுமா?
— பெயர், மாவட்டம் வேண்டாம் என்று எழுதியவர்

பதற வேண்டாம். தமிழ்நாடு குடிமைப் பணிகள் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளில் 17(அ) சிறு தண்டனைக்கான நடைமுறை, 17(ஆ) பெரிய தண்டனைக்கானது. இரண்டுமே குற்றச்சாட்டை எழுத்தில் கொடுத்து, உங்கள் விளக்கத்தைக் கேட்டு, அதன் பிறகுதான் போகும். பாடம் சுமாராக இருந்தது என்ற பார்வைக் குறிப்பு தானாகவே 17(அ) ஆகிவிடாது. உங்கள் ஆண்டு ஊதிய உயர்வை எந்தச் செயலி மதிப்பெண்ணும் தீர்மானிக்கவில்லை. பத்து வருடத்தில் தேர்வுநிலை, இருபதில் சிறப்புநிலை என்று வரும் சம்பள நிலைகளும் இந்த எண்ணை வைத்து வருபவை அல்ல.

விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தால் மட்டும் அசட்டையாக இருக்கக் கூடாது. மெமோ என்பது தண்டனை இல்லை, கேள்வி. அதில் குறிப்பிட்ட நாளுக்குள் பதில் கொடுத்துவிட வேண்டும். அழுதும் கோபித்தும் நான்கு பக்கம் எழுதாதீர்கள். தேதி, வகுப்பு, வந்திருந்த பிள்ளைகள் எண்ணிக்கை, அன்று நடத்திய பாடம், எழுதப்பட்டது எது, நடந்தது எது. ஒரு பக்கத்துக்குள் முடியும். நகல் ஒன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கி வையுங்கள்.

கையெழுத்து என்பது பார்த்தேன் என்பதற்குத்தான், ஒப்புக்கொண்டேன் என்பதற்கு அல்ல. அடுத்த முறை கையெழுத்துக்கு மேலே “பார்வையிட்டேன். வரிசை எண் 3 குறித்து என் விளக்கம் இணைப்பில்” என்று எழுதிவிட்டுப் போடுங்கள். மரியாதையாக, சிரித்த முகத்தோடு. கேட்டால், “பதிவுக்காகத்தான் சார்” என்று சொல்லுங்கள். இப்படி எழுதிய ஆசிரியர்களை நான் மேலதிகாரியாக இருந்தபோது கூடுதலாக மதித்தேன். எல்லா மேலதிகாரியும் அப்படி இருப்பார் என்று உத்தரவாதம் தர முடியாது.

நான் மலைக்கிராமப் பள்ளியில் இருக்கிறேன். எல்லாரும் பார்வைக்கு வருகிறார்கள் என்று புலம்புகிறார்கள். எங்கள் பள்ளிக்கு வந்து நாளாயிற்று. சரியாகத்தான் நடத்துகிறேனா என்று எனக்கு எப்படித் தெரியும்?
— கள்ளக்குறிச்சி மாவட்டம்

உங்கள் கடிதம்தான் இந்த மாதத்தில் எனக்குப் பிடித்தது.

மத்திய அரசின் கல்வி ஆராய்ச்சி அமைப்பான என்சிஇஆர்டி 2013இல் ‘பிண்டிக்ஸ்’ என்று ஒரு படிவத்தைக் கொண்டுவந்தது. தொடக்கநிலை ஆசிரியர்களின் செயல்திறனைப் பார்ப்பதற்கானது, கல்வி உரிமைச் சட்டம் ஆசிரியருக்குச் சொல்லியிருக்கும் கடமைகளை அடிப்படையாகக் கொண்டது. அதில் ஆசிரியர் முதலில் தன்னைத் தானே மதிப்பிட்டுக்கொள்ள வேண்டும், நான்கு நிலைகளில். பல இடங்களில் எல்லாக் கட்டத்திலும் மூன்று, நான்கு என்று போட்டு அனுப்பிவிட்டு மறந்தார்கள். யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை என்றால் அது நல்ல படிவம். நீங்கள் உங்களுக்காகப் போட்டுப் பாருங்கள்.

அதைவிட எளிது, உங்கள் போன். மேசை மேல் வைத்து இருபது நிமிடம் குரல் மட்டும் பதிவு செய்யுங்கள், வீடியோ வேண்டாம். இரவில் கேளுங்கள். முதல் ஐந்து நிமிடம் உங்கள் குரலைக் கேட்கவே சங்கடமாக இருக்கும், எல்லாருக்கும் அப்படித்தான். பிறகு எத்தனை பிள்ளைகளின் பெயரைக் கூப்பிடுகிறீர்கள் என்று எண்ணுங்கள். கேள்விக்கும் உங்கள் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி? “புரிஞ்சுதா?” என்று எத்தனை முறை கேட்கிறீர்கள்? (அந்தக் கேள்விக்கு “புரிஞ்சுது டீச்சர்” என்பதைத் தவிர வேறு பதிலை நான் எந்தப் பள்ளியிலும் கேட்டதில்லை.) எண்ணிக்கை எடுத்த பிறகு பதிவை அழித்துவிடுங்கள், பிள்ளைகளின் குரல் அதில் இருக்கிறது.

பக்கத்து மலைப்பள்ளி ஆசிரியரோடு பேசி மாதம் ஒருமுறை மாறி மாறிப் போய்ப் பார்க்க முடியுமா என்று தலைமை ஆசிரியர் வழியாகக் கேளுங்கள். ஜப்பானில் ஒரு பள்ளியின் ஆசிரியர்கள் சேர்ந்து உட்கார்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள், ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் நின்று பிள்ளைகளைக் கவனிப்பார்கள், பிறகு பாடத்தைப் பற்றிப் பேசுவார்கள். நூறு வருடத்துக்கும் மேலான பழக்கம் அது. அங்கே விமர்சனம் பாடத்துக்கு, நடத்தியவருக்கு இல்லை. இரண்டு பேர் இருந்தால் போதும், உங்கள் மலையிலும் செய்யலாம்.

பார்வைக்கு வருகிறவருக்கு டீ, வடை வாங்கிக் கொடுக்கலாமா? லஞ்சம் ஆகிவிடுமா?
— திருநெல்வேலி

வெயிலில் வண்டி ஓட்டி வந்தவருக்கு டீ கொடுக்கலாம், தாராளமாக. அதை வாங்கிவர வகுப்பிலிருந்து ஒரு பையனைக் கடைக்கு அனுப்பாதீர்கள். டீயைக் குடித்துவிட்டு அதையும் எழுதிவிட்டுத்தான் போவார்.